கன்றோடு ஒரு சீட்டும் வரட்டும்

கேரளத்திலிருந்து வாளையாறு வழியாகவோ, ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகவோ தமிழ்நாட்டுக்குள் நுழைகிற லாரி ஒன்றில் தென்னம்பிள்ளைகளும் மாவொட்டுக் கன்றுகளும் குரோட்டன்ஸ் தொட்டிகளும் அடுக்கப்பட்டிருக்குமானால், வண்டியின் பெர்மிட்டையும் ஓட்டுநரின் லைசென்ஸையும் காட்டச் சொல்வதற்கு வழியில் அதிகாரிகள் உண்டே தவிர, அந்தச் செடிகள் எந்தத் தோட்டத்தில் பிறந்தவை, அவற்றின் இலைக்கு அடியிலும் வேர்மண்ணிலும் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று விசாரிப்பதற்கு ஒருவரும் இல்லை. உயிருள்ள செடிகொடிகளுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது என்பதனால், மற்றச் சரக்குகளுக்கு வேண்டப்படுகிற இ-வே பில்கூட அவற்றுக்கு அவசியமில்லை. அந்த வரி அமலுக்கு வந்த 2017 ஜூலையில் எல்லையோரத்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. ஒரு மூட்டை சிமெண்டுக்கு இருக்கிற ஜாதகம் ஒரு வாழைக்கன்றுக்கு இல்லை.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த குறை இது என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் இருக்கிறது, இதை வாசிக்கிறவர்களில் அநேகமாக எல்லோரைக் காட்டிலும் வயதில் மூத்ததாக இருக்கிறது. முதல் உலக மகாயுத்தம் மூளுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1914 பிப்ரவரியில், பயிர்களை நாசம் செய்யும் பூச்சிகளையும் நோய்களையும் தடுப்பதற்கென்று அன்றைய இந்திய சர்க்கார் ஒரு சட்டம் இயற்றியது. கப்பலில் வருகிற செடிகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திச் சோதிப்பது அதன் பிரதான நோக்கம். உள்நாட்டிலேயே ஒரு ஜில்லாவின் வியாதி மறு ஜில்லாவுக்குப் பரவுவதைப் பற்றி அது அதிகமாகக் கவலைப்படவில்லை என்பதைக் கண்ட சென்னை மாகாணம், மற்ற மாகாணங்களெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1919-இல் தனக்கென்று ஒரு விவசாயப் பூச்சி நோய்ச் சட்டத்தைச் செய்துகொண்டது. தன் நிலத்தில் கண்ட பூச்சியையோ நோயையோ உத்தரவிட்ட பிறகும் ஒருவர் கவனியாமல் விட்டால், அதிகாரியே ஆள் வைத்து அதை அழித்து, ஆன செலவை நிலத்துக்குரியவரிடமே வசூலிக்கலாம் என்கிற அளவுக்குக் கண்டிப்பான சட்டம் அது. மாகாணத்துக்கு மாகாணம் செடிகள் பிரயாணம் செய்வதைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிற பிரிவு 1938-இல் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவின் கீழ் வெளியான அறிவிக்கைகளே இன்றுவரை நம்முடைய உள்நாட்டு நோய்த் தடுப்புக் காவலாக (குவாரண்டைன்) நிற்கின்றன.

இவ்வளவு முன்யோசனையோடு செய்யப்பட்ட ஏற்பாடு இன்று எந்த ஸ்திதியில் இருக்கிறது என்று பார்த்தால், துக்கப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தடை செய்யப்பட்ட செடியை ஏற்றிக்கொள்ள மறுக்க வேண்டிய பொறுப்பை அந்தச் சட்டம் ரயில் நிலையத்தில் பார்சல் பதிகிறவர் மீதும், உள்நாட்டு நீராவிப் படகுத் துறையில் சரக்குப் பதிகிறவர் மீதும் சுமத்துகிறது. லாரி ஆபீசையோ, கைப்பேசியில் படம் பார்த்துப் பணம் கட்டியவர் வீட்டுக்கு அட்டைப் பெட்டியில் ரோஜாச் செடியைக் கொண்டுவந்து தருகிற கூரியர் கம்பெனியையோ அதற்குத் தெரியாது. அறிந்தே தடையை மீறியவருக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் முதல் முறை 250 ரூபாய் வரை, மறுமுறையானால் 2000 ரூபாய் வரை. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போய்த் திரும்புகிற லாரி வழிநெடுகச் செலுத்துகிற சுங்கக் கட்டணம் அந்த 250 ரூபாயை எளிதில் தாண்டிவிடும். அரசியல் சாசனத்தை எடுத்துப் பார்த்தாலோ, விவசாயமும் பயிர்ப் பாதுகாப்பும் மாநிலப் பட்டியலில் 14-ஆவது இனமாக இருக்கின்றன. மாநிலங்களுக்கிடையிலான தடுப்புக் காவல் மத்தியப் பட்டியலில் 81-ஆவது இனத்தில் இருக்கிறது. மனிதர், பிராணிகள், தாவரங்கள் ஆகியவற்றைப் பற்றும் தொற்றுநோய்கள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-ஆவதாக வருகிறது. மூன்று பட்டியலிலும் இடம் பெற்ற விஷயம் என்று பெருமைப்படலாம். நடைமுறையில், மத்திய, மாநில சர்க்கார்களில் எதுவும் தன்னுடைய வேலை என்று எடுத்துக்கொள்ளாத விஷயமாக அது ஆகிவிட்டது.

ஆனால் அபராதத் தொகை சொற்பம் என்பதோ, சட்டத்தின் பாஷை பழையது என்பதோ என்னுடைய பிரதானமான ஆட்சேபம் அல்ல. அவை ஒரு திருத்தத்தில் சரியாகிவிடக் கூடியவை. மாநில எல்லை என்பதையே வேலியாக நினைத்துக்கொண்டு, அந்த வேலியில் ஒரு தடைப்பலகையை மாட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுகிற மனப்பான்மையைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாக உடைய ஒரு வெள்ளைச் செதில் பூச்சி 1920-களின் இறுதியில் உதகமண்டலத்துச் சீகை மரங்களில் காணப்பட்டது. அதை உண்டு வாழும் ஒருவகைப் பொறிவண்டைக் கலிபோர்னியாவிலிருந்து தருவித்து விட்டு அதன் கொட்டத்தை அடக்கினார்கள். அதற்கென்று மாநிலத் தடையும் பின்னால் பிறப்பிக்கப்பட்டது. அந்தப் பூச்சி கோடைக்கானலுக்கும் போய்ச் சேர்ந்தது. நீலகிரியும் கோடைக்கானலும் ஒரே மாகாணத்துக்குள் இருந்தமையால், அந்தப் பிரயாணத்தைத் தடுக்க மாகாண எல்லையில் போட்ட வேலி எதுவும் பிரயோஜனப்படவில்லை.

இதே கதை, இன்னும் பெரிய நஷ்டத்தோடு, உருளைக்கிழங்கின் விஷயத்தில் நடந்தது. 1961-இல் உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரம் பண்ணையில், எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி உருளைக்கிழங்கின் வேர்களில் கடுகைவிடச் சிறிய, பொன்னிறமான உருண்டைகளைக் கண்டார். முட்டைக்கூடு நூற்புழு என்று வழங்குகிற அந்த ஜீவனின் பெண் தான் இறந்த பிறகு தன் உடலையே கூடாக்கி, அதற்குள் சில நூறு முட்டைகளைப் பத்திரப்படுத்திவிட்டுப் போகிறது. உருளைக்கிழங்கு பயிரிடாமல் நிலத்தைத் தரிசாக விட்டாலும் அந்த முட்டைகள் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு காத்திருக்க வல்லவை. கிழங்கில் ஒட்டிய மண், சாக்கின் இழையில் தங்கிய மண், மண்வெட்டியில் காய்ந்த மண் என்று எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொண்டு அந்தக் கூடு ஊர் விட்டு ஊர் போகும். 1971-இல் நீலகிரியின் விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்லக் கூடாது என்று தடை வந்தது. தடை நியாயமானதே, சமவெளியின் உருளைக்கிழங்கு வயல்களையெல்லாம் பணயம் வைத்து ஒரு மலையின் வியாபாரத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்தத் தடைக்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 1980-களில் அதே நூற்புழு கோடைக்கானல் மலையில், அதாவது இந்த மாநிலத்துக்கு உள்ளேயே, கண்டுபிடிக்கப்பட்டது. விதைக்கிழங்குக்குத்தான் தடை, உண்ணும் கிழங்குக்கு இல்லை என்ற ஏற்பாட்டில், மேட்டுப்பாளையம் மண்டிக்கு நாள்தோறும் இறங்குகிற மூட்டையை வாங்குகிறவர், அதில் முளைவிட்டதைக் குழம்பில் போடுவாரா கொல்லையில் நடுவாரா என்பதை எந்த அறிவிக்கையும் தீர்மானிக்க இயலாது. இதற்கிடையில் இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு காஷ்மீர் ஆகிய மலைப் பிரதேசங்களிலும் அந்தப் புழு தென்பட, 2018-இல் அங்கேயுள்ள விதைக்கிழங்குக்கும் தடை வந்தது. தேசத்தின் வயல்களுக்கெல்லாம் தலைமுறைகளாக விதை கொடுத்து வந்த குஃப்ரி வட்டாரத்து விவசாயிகள், நீலகிரி விவசாயிகள் அரை நூற்றாண்டுக்கு முன் நின்ற இடத்தில் வந்து நின்றார்கள்.

அந்த அரை நூற்றாண்டில் நீலகிரி விவசாயிக்கு என்ன சொல்லப்பட்டது? புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகத்தை முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தார் 1985-இல் வெளியிட்டார்கள்; முட்டைக்கோசும் காரட்டும் மாற்றிப் பயிரிடும்படி புத்தி சொன்னார்கள். இவையெல்லாம் மெச்சத்தக்க வேலைகள். ஆயினும், எந்தெந்த வயல் சுத்தம், எந்தெந்த வயல் அசுத்தம் என்று மண்ணைப் பரிசோதித்து, சுத்தமான வயலுக்குரியவரை விடுவிக்கிற ஒரு கிரமமான ஏற்பாடு அந்தத் தடையோடு சேர்ந்து பிறக்கவில்லை. ஆரம்பத் தேதி உண்டு, முடிவுத் தேதி இல்லை. எதைச் செய்தால் தடை விலகும் என்ற நிபந்தனையும் இல்லை. இப்படி விதிக்கப்படுகிற தடையை ஜனங்கள் மதிக்கமாட்டார்கள் என்பதைவிட, மதிக்கிறவருக்கு அதனால் யாதொரு லாபமும் இல்லை என்பதே அதன் பெரிய பலவீனம்.

வாழையைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நேர்ந்த மிகப் பெரிய நஷ்டம் அதில்தான் இருக்கிறது. முடிக்கொத்து நோய் என்று நம்மவர் பெயரிட்டிருக்கும் வைரஸ் நோய் 1913-இல் இலங்கையில் பதிவாகியது. 1940-ஐ ஒட்டி அங்கிருந்து கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. நோய் கண்ட வாழையில் இலைகள் விரியாமல் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், நரம்புகளில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தந்தி பாஷை போல் வரிசையாகத் தெரியும், குலை தள்ளாது. வாழை அசுவினி என்ற சிறு பூச்சி இந்த வைரஸை மரத்திலிருந்து மரத்துக்குக் கொண்டுபோகிறது என்றாலும், அதன் சக்தி அக்கம்பக்கத்துத் தோப்போடு முடிந்துவிடும். ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்கு, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு நோயைக் கொண்டுபோகிறவன் மனிதன். அவன் கையிலிருக்கும் பக்கக் கன்று. சமீபத்தில் நோய் பற்றிய தாய்மரத்தின் கன்று பார்வைக்குச் செழிப்பாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள விபரீதம். விற்கிறவர் சத்தியம் செய்து விற்கலாம், வாங்குகிறவர் திருப்தியோடு வாங்கலாம், இருவரில் ஒருவரும் பொய் சொல்லாமலே ஒரு தோப்பு அழிந்துபோகலாம். 1959 முதல் கேரளம், தமிழ்நாடு, அசாம், ஒரிசா, மேற்கு வங்காளம் ஆகிய பகுதிகளின் வாழைக்கன்றுகள் வெளியே செல்லத் தடை உண்டு. கேரளமும் தமிழ்நாடும் ஒருங்கே அந்தத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் நேந்திரன் கன்று கேரளத்துக்குப் போகிறதும் அங்கிருந்து வருகிறதும் ஒரு நாளும் நின்றதில்லை என்பது, வாழை போடுகிற எந்த ஊரிலும் எல்லோரும் அறிந்த சங்கதி.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் காப்பித் தோட்டங்களுக்கு நிழலாகவும் தனிப் பயிராகவும் விளைந்த விருப்பாச்சி வாழை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அதன் மணத்தையும் கெட்டித் தன்மையையும் கொடுத்து வந்த பழம். அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். ஆனால் ஒரு காலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த அந்த மலைவாழை முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டதென்று வேளாண் விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். மலைவாழையைத் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றாக்கி மீட்பதற்கு அவர்கள் செய்து வருகிற பிரயத்தனம் பாராட்டுக்குரியது. எனினும் நோய் கண்ட பழைய தோப்பின் நடுவே சுத்தமான புதுக் கன்றை நட்டால், அசுவினிக்கு இரண்டும் ஒன்றுதான். சுற்றிலும் உள்ள நோய் மரங்களை ஒரே காலத்தில் அப்புறப்படுத்துகிற அதிகாரமும் கூட்டு முயற்சியும் சேராவிட்டால் அந்தப் பிரயத்தனம் முழுமையாகப் பலிக்காது.

அப்படிச் சேர்ந்து செய்து காட்டிய ஒரு தேசம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் அடுத்தடுத்த மாநிலங்கள். எல்லைக்கு இருபுறமும் மலைச் சரிவுகளில் வாழை. 1913-ஐ ஒட்டிப் பிஜித் தீவிலிருந்து வந்த கன்றுகளோடு முடிக்கொத்து நோய் அங்கே இறங்கி, 1925-க்குள் ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்கு முதலான இடங்களில் பெரும்பாலான தோப்புகளைப் பாழாக்கியது. இது எந்த மாநிலத்தின் குற்றம் என்று வழக்காடிக்கொண்டிராமல், இரண்டு மாநிலங்களும் மத்திய சர்க்காரும் சேர்ந்து 1924-இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தன. அதில் வேலைக்கு அமர்த்தப்பட்ட மகீ என்ற இளைஞர், நோயைப் பரப்புவது அசுவினியும் நோயுற்ற கன்றுமே என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தார். வைரஸை எவரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆகவே அவர்கள் நம்பியது விதிகளை மட்டுமே. நோயுள்ள வட்டாரத்திலிருந்து கன்று வெளியே போகலாகாது. அனுமதி பெறாமல் புதுத் தோப்புப் போடலாகாது. நடுகிற கன்று பரிசோதிக்கப்பட்ட தோப்பிலிருந்தே வர வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் தோப்புத் தோப்பாக நடந்து பார்த்து, நோய் கண்ட தூரில் மண்ணெண்ணெய் ஊற்றி அசுவினியைக் கொன்ற பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் வட்டாரம் பிரித்தபோது மாநில எல்லையை அளவுகோலாகக் கொள்ளவில்லை. நோய் எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு கிழித்தார்கள். சில வருஷங்களில் தோப்புகள் மீண்டன. ஆஸ்திரேலியாவின் வாழையில் பெரும்பகுதி விளைகிற வடக்குக் குயின்ஸ்லாந்துக்குள் அந்த நோய் நூறு வருஷமாகியும் நுழையவில்லை. அங்கே வீட்டுக் கொல்லையில் ஒரு வாழை நடுவதற்கும் விதிமுறை உண்டு.

நம் நாட்டில் புதிய உதாரணங்களுக்குக் குறைவில்லை. 2004-இல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் முதலில் அடையாளம் காணப்பட்டு, 2009-இல் புளோரிடாவுக்குப் போன சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னை ஓலைகளின் அடிப்பக்கத்தில் மாவு பூசினாற்போல் தோன்றியது. அடுத்த ஓராண்டுக்குள் ஆந்திரத்தில் கடியம் நர்சரிகள் உள்ள கோதாவரிப் பிரதேசத்திலும் அது இருந்தது. பொள்ளாச்சிக்கும் கோதாவரிக்கும் இடையிலுள்ள தூரத்தை அவ்வளவு சிறிய ஈ அவ்வளவு சீக்கிரத்தில் தன் சிறகால் கடந்திருக்க முடியாது. தென்னம்பிள்ளையிலும் அலங்காரச் செடியிலும் சவாரி செய்துதான் போயிருக்க வேண்டும். கடியம் இந்தியா முழுவதற்கும் செடி அனுப்புகிற ஊர் என்பதை நினைத்தால், அங்கே ஒரு பூச்சி குடியேறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். 2020-இல் திருச்சூரில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, வெகு விரைவில் சேலம், நாமக்கல் காடுகளில் குருத்தையெல்லாம் சுருட்டிவிட்டது. மரவள்ளி என்பது குச்சியை வெட்டி நடுகிற பயிர். குச்சிக் கட்டு லாரியில் போகும், பூச்சியும் அதோடு போகும். ஜவ்வரிசி ஆலைகளின் ஜீவாதாரமே ஆட்டம் கண்ட பிறகு, ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றியபோதும் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிகள் வந்துதான் காப்பாற்றின. வெளிதேசத்துக் குளவிக்கு நாம் காட்டுகிற சிரத்தையில் நாலில் ஒரு பங்கை உள்நாட்டுக் குச்சிக் கட்டுக்குக் காட்டியிருந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும். இந்திய தேசமெங்கும் வியாபாரமும் போக்குவரத்தும் சுதந்திரமாக நடக்க வேண்டுமென்று அரசியல் சாசனத்தின் 301-ஆவது ஷரத்து சொல்கிறதே என்பது ஒன்று. பொது நன்மையை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்க அடுத்துவரும் ஷரத்துகளே இடம் கொடுப்பதால், அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மற்றொன்று கனமானது. சாலையோரத்தில் இரண்டு செண்டு நிலத்தில் கீற்றுப் பந்தல் போட்டுக் கறிவேப்பிலைக் கன்றும் கொய்யாப் பதியனும் விற்றுப் பிழைக்கிற குடும்பங்களின் தலையில் இன்னொரு லைசென்ஸ், இன்னொரு இன்ஸ்பெக்டர், இன்னொரு மாமூல் என்று ஏற்றிவிடுவீர்களா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். சாவடியில் நின்றுகொண்டு நள்ளிரவில் டார்ச் விளக்கோடு லாரியில் ஏறிச் செடி பார்க்கிற சிப்பந்திக்கு வைரஸ் தெரியப் போவதில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுத் தெரியும். ஆகையால்தான் எல்லையில் போடுகிற காவலில் எனக்கு நம்பிக்கையில்லை. காவல் போட வேண்டிய இடம் செடி பிறக்கிற இடம்.

அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் ஒரு சான்றளிப்பு முறையை நடத்துகிறது. ஆய்வுக் கூடம் அங்கீகரிக்கப்படுகிறது, தாய்ச் செடி வைரஸுக்காகச் சோதிக்கப்படுகிறது, கன்றுகள் சான்றோடு வெளியே போகின்றன. அதே கொள்கையைச் சாதாரணப் பக்கக் கன்றுக்கும் மரவள்ளிக் குச்சிக்கும் தென்னம்பிள்ளைக்கும் ஒட்டுக் கன்றுக்கும் எளிய ரூபத்தில் விரிப்பதில் என்ன கஷ்டம்? 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் விதை என்ற சொல்லுக்குள் நாற்று, கிழங்கு, போத்து, ஒட்டு எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறது. விற்பனைக்கு லைசென்ஸ் வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு உத்தரவும் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை தோட்டக்கலை அலுவலர் நர்சரிக்கு வந்து தாய்மரங்களைப் பார்க்கட்டும். பார்த்த நாளும் தாய்மரம் இருக்கும் இடமும் நர்சரியின் பதிவு எண்ணும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு ஒவ்வொரு விற்பனையோடும் போகட்டும். வெளி மாநிலம் போகிற லாரியிலும் கூரியர் பெட்டியிலும் அந்தச் சீட்டு இல்லாமல் ஏற்றக் கூடாது என்ற கடமையை ரயில்வே பார்சல் குமாஸ்தாவோடு நிறுத்தாமல் எல்லா வாகனக்காரருக்கும் விதிக்கட்டும். சிறிய நர்சரிக்குக் கட்டணம் வேண்டாம்.

தடை விதிப்பதும் மாநிலத்தின் பெயரால் அன்றி, மலையின் பெயராலும் வட்டத்தின் பெயராலும் இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மண்ணையும் மரத்தையும் சோதித்து, நீட்டிக்கக் காரணம் காட்ட முடியாத தடை தானே காலாவதியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் தோப்பில் நோய் கண்டதென்று தானே வந்து சொல்கிற விவசாயிக்கு நஷ்ட ஈடும் சுத்தமான மாற்றுக் கன்றும் உடனே கிடைக்க வேண்டும். இப்போது அப்படிச் சொல்கிறவருக்குக் கிடைப்பது, தோப்பை வெட்டு என்ற உத்தரவு மாத்திரமே. அதனால் அவர் சொல்வதில்லை, கன்றை விற்றுவிட்டு வேறு பயிருக்குப் போய்விடுகிறார். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி அதனிடத்தில் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவர வேளாண் உயிர்ப் பாதுகாப்பு மசோதா 2013-இல் லோக்சபையில் கொண்டுவரப்பட்டது. அடுத்த வருஷம் அந்தச் சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. அது குறையற்ற மசோதா என்று நான் சொல்லவில்லை. மத்திய அதிகாரத்தை அளவுக்கு மீறி நம்பியது அது. மாநிலங்களைக் கலந்து, குறிப்பாகத் தமிழ்நாடும் கேரளமும் ஆந்திரமும் கர்நாடகமும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, அதை மறுபடி எடுக்க வேண்டும். 1919-இல் மற்றவர்களுக்கு முன்னே நடந்த மாநிலம் இதைத் தொடங்கி வைப்பதுதான் பொருத்தம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாத வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் பட்டத்துக்கு வாழைக்கன்றோ தென்னம்பிள்ளையோ வாங்கப் போகிறவர்கள், விலையை மட்டும் விசாரித்துவிட்டு வராமல், தாய்மரம் எந்த ஊரில் இருக்கிறது, அதைப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பில் எழுதித் தரச் சொல்லுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளியூர்க் கன்று என்றால் முதல் சில வாரங்கள் தோட்டத்தின் ஓர் ஓரத்தில் தனியே வைத்திருங்கள். உங்கள் தோப்பில் உச்சியில் இலைகள் கொத்தாக நெருங்கிய வாழை ஒன்று நின்றால், அதன் பக்கக் கன்றை எவருக்கும் இனாமாகக்கூடக் கொடுக்காமல், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.